பெயர் உரித்த கைகள்

இடது கால் ஒரு மிதியை அழுத்துகிறது. மேல்தட்டு இறங்கித் துணியைக் கவ்வுகிறது. வலது கால் அடுத்த மிதியை அழுத்துகிறது. நீராவி உஸ்ஸென்று சீறுகிறது. தட்டு எழுந்ததும் கைகள் கால்சட்டையைப் புரட்டிப்போடுகின்றன. மறுபடி இடது, மறுபடி வலது. எழுபத்தொன்பதாம் தெருச் சலவைக்கடையில் காலை ஏழரை மணிக்கு ரெனெட்டா கோல்ஸ் இஸ்திரியைத் தொடங்கிவிட்டால், வாசலில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் தலை அவர்கள் அறியாமலே ஆட ஆரம்பிக்கும். தட்டு விழுவது அடி. ஆவி சீறுவது எதிரடி. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தேவாலயப் பாடகர்களின் அங்கிகள் கூரை முட்டக் குவிந்தாலும் அந்த வேகம் கூடாது. பனி கொட்டும் பிப்ரவரியில் நாளுக்கு நாலு கோட்டு வந்தாலும் குறையாது.

"ஏண்டி, துணி தேய்க்கிறியா, ஆட்டம் போடுறியா?" என்று முன்மேசையிலிருந்து மாவிஸ் கேட்பாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். நீதான் முப்பது வருஷமா அங்க உக்காந்து தாளம் தப்பாவே ரசீது கிழிக்கிற."

ரெனெட்டாவுக்கு வயது ஐம்பத்தேழு. நெடிய உடம்பு, மறைக்காத நரை, ஆவி பட்டுப் பட்டுப் பளபளப்பேறிய முன்கைகள். தேவாலயத்தில் டிரம் வாசிப்பவருக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள். பேருந்து திரும்பும்போது உள்ளே டிக் டிக்கென்று ஒலிக்கும் விளக்கைக் கேட்டு, "மெதுவா இருக்கு, நிமிஷத்துக்கு நூறு அடிகூட வராது" என்று முணுமுணுப்பாள். மனிதர்களை அவர்கள் நடையின் வேகத்தை வைத்துத்தான் எடைபோடுவாள். கணவனைவிட்டு வந்ததற்கு அவள் சொன்ன காரணம் அந்தத் தெருவில் இன்னமும் சிரிப்போடு பேசப்படுகிறது. "நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கெட்ட பேச்சு கிடையாது. ஆனா எல்லாரும் ரெண்டுலயும் நாலுலயும் கை தட்டும்போது அவன் ஒண்ணுலயும் மூணுலயும் தட்டுவான். எத்தனை வருஷம் பொறுக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாலய உடையை மாற்றிக்கொண்டு, பழைய ஸ்கேட்டிங் கூடத்துக்குப் போவாள். ஐம்பதைத் தாண்டியவர்கள் பகல் வெளிச்சத்தில் கூடி ஆடும் இடம் அது. கைப்பையில் ஒரு துண்டு, ஒரு டப்பாவில் ஆரஞ்சுச் சுளைகள், ஒரு டின் குழந்தைப் பவுடர். தனக்குப் பிடித்த மூலையில் பவுடரைத் தூவி, தோல் அடி வைத்துத் தைத்த காலணியால் இரண்டு தேய் தேய்த்துப் பார்ப்பாள். கால் வழுக்க வேண்டும், ஆனால் வழுக்கி ஓடக் கூடாது. பிறகு ஆட்களுக்கு முதுகைக் காட்டி, ஸ்பீக்கருக்கு முகத்தைக் காட்டி நிற்பாள். அங்கே ஒலிப்பது ஹவுஸ், அதுவும் பழைய ஹவுஸ். அந்த இசை சிகாகோவின் இந்தத் தெருக்களில்தான் பிறந்தது. தானும் அதுவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதுபோல அவள் அதைப் பற்றிப் பேசுவாள்.

"இப்ப வர்ற பாட்டெல்லாம் கதவைத் தட்டாமலே உள்ள வந்துடுது. பழசு அப்படியா? மொதல்ல நாலு நிமிஷம் வெறும் டிரம். அப்பறம் ஒரு பியானோ எட்டிப் பாக்கும். பாடுறவ அதுக்கும் அப்பறம்தான். வாசல்ல நின்னு பனியைத் தட்டி, கோட்டைக் கழட்டி மாட்டிட்டு, 'எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேட்டுட்டுத்தான் பாட ஆரம்பிப்பா."

இத்தனை பேசுகிறவள் ஒரு பாட்டின் பெயரையும் சொல்ல மாட்டாள். "பியானோ ரெண்டு தடவை விழுமே, அது" என்பாள். "மூச்சு வாங்குற சத்தம் கேக்குமே, அது" என்பாள். பெயர் தெரியாதவள் அல்ல. பழைய பாட்டுகளில் அவளுக்குத் தெரியாத பெயர் சிகாகோவின் இந்தத் தெற்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் கடை வானொலியில் ஏதோ ஒன்று ஒலித்தபோது மாவிஸ் கைப்பேசியை அதை நோக்கி நீட்டினாள். ஐந்தே நொடியில் பாட்டின் பெயரும் பாடியவள் பெயரும் வெளிவந்த வருடமும் திரையில் வந்து நின்றன.

"பாருடி, எவ்வளவு சுலபம்!"

ரெனெட்டா ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கோள் சொல்ற கருவி. அதை எடுத்து உள்ள வை."

"பாட்டுப் பேரு சொன்னா கோளா? என்னடி உனக்கு?"

அவள் மிதியை அழுத்தினாள். அன்று காலை அவள் வேகம் சற்றே தப்பியதை மாவிஸ் மட்டும் கவனித்தாள்.

அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது இந்தக் கடை அவள் தாய்மாமாவுடையது. பள்ளி விட்டதும் வந்து சட்டைக் காலர் தேய்ப்பாள். அந்நாளில் ஒரு டிஜேயின் மானம் அவனுடைய ரெக்கார்டுப் பெட்டிக்குள் இருந்தது. அடுத்தவனிடம் இல்லாத ஒரே ஒரு பாட்டு போதும். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டத்துக்காகப் பள்ளி விளையாட்டுக் கூடம் நிரம்பி வழியும். போட்டிக்காரர்கள் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, சுழலும் தட்டின் நடுவே எட்டிப் பார்த்து, லேபிளைப் படித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் சிலர் லேபிளின்மேல் காகிதம் ஒட்டினார்கள். சிலர் மை பூசினார்கள். அவள் பள்ளியின் டிஜே வெண்டெல் மேஸ் லேபிளையே உரித்துவிட்டான். உரித்துக் கொடுத்தவள் ரெனெட்டா.

பழைய கம்பளியில் லேபிள் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை வெட்டி, ரெக்கார்டின்மேல் விரிப்பாள். ஆவிக் குழாயின் வாயை ஓட்டைக்கு நேரே பிடித்து மூன்று முறை விடுவாள். மூன்றுதான், நாலாவது விட்டால் ரெக்கார்டு அப்பளம்போல வளைந்துவிடும். பிறகு காலர் ஓரம் பிரிக்கும் மெல்லிய கத்தியை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழுசாக எடுப்பாள். வெறுமையான நடுவில் துணிக்குக் குத்தும் எண் சீட்டு ஒன்றை ஒட்டுவாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான். "பதினேழு எடு" என்பான் வெண்டெல். பெட்டி சுமக்கும் அவன் தம்பி ராஸ்கோ எடுத்து நீட்டுவான். கடையில் தேடி வாங்கிய அண்ணன் தம்பிக்கும், உரித்த ரெனெட்டாவுக்கும் தவிர அந்தப் பெயர்கள் வேறு யாருக்கும் தெரியாது.

அவள் இதற்கு எதையும் கேட்டதில்லை. வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். ஸ்பீக்கரை ஒட்டி அவளுக்கென்று ஓர் இடம். காலர் தேய்க்கும் பெண்ணுக்கு அது பெரிய சிம்மாசனம்.

"உரிச்சதையெல்லாம் எரிச்சிடு ரெனி" என்று வெண்டெல் சொல்லியிருந்தான்.

"எரிச்சாச்சு" என்பாள். எரிக்கவில்லை. கடையின் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றில், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, மாவுப் பசையால் ஒட்டிவைத்தாள். முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் இரண்டு. பச்சை, சிவப்பு, வெள்ளி என்று வட்ட வட்டமாக நாற்பத்தொன்று. இருபத்து மூன்று மட்டும் கடுகு மஞ்சள்.

பியானோ இரண்டு முறை விழும் பாட்டு அதுதான். அது ஒலிக்கத் தொடங்கினால் வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். வெண்டெல் என்றாலே அது, அது என்றாலே வெண்டெல்.

அந்த அக்டோபரில் ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில், எதிர்ப்பக்கத்துப் பள்ளியில் டிஜேயாக இருந்த டேரில் நின்றிருந்தான். கூட நாலைந்து பெண்கள். வெண்டெல் கூட்டத்தில் தானும் ஒருத்தி என்று ரெனெட்டா ஏதோ பேச்சில் சொல்லிவிட்டாள்.

"நீயா?" என்றான் டேரில். "பேன்ட்டுக்கு மடிப்பு எடுக்கிறவதானே நீ? வெண்டெலுக்கு உன் பேராவது தெரியுமா?"

பெண்கள் சிரித்தார்கள். ரசீதுப் புத்தகம் அவள் பையில் இருந்தது. பசை சரியாகப் பிடிக்காத பக்கம் எது என்று அவள் விரலுக்குத் தெரியும். கடுகு மஞ்சள் வட்டத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்துட்டுக் குடுத்துடணும்."

பேருந்து வந்தது. டேரில் ஏறிவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் லேபிளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டே போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து, வெண்டெல் இருபத்து மூன்றைப் போட்டதும், முன்வரிசையில் ஒருத்தி, "ஐயே, இது டேரிலோட பாட்டாச்சே!" என்றாள். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வெண்டெல் ஊசியைத் தூக்கிவிட்டான். பள்ளிக்கூட முற்றத்தில் தம்பியின் சட்டையைப் பிடித்தான். அந்த வாரம் ராஸ்கோ டேரிலின் தெருவில் நின்று சாப்பிட்டதை யாரோ பார்த்திருந்தார்கள்.

"நான் சொல்லலண்ணே. சத்தியமா சொல்லல."

"நீ இல்லன்னா யாருடா? ரெனியா? அவ வாயத் தொறக்க மாட்டா. உன் வாய்தான் ஓட்டை வாய்."

ரெனெட்டா இரண்டு கைகளிலும் பழரசக் கோப்பையோடு அவர்களுக்கு நடுவே நின்றாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நாற்பது வருடமாக அந்த வாய் மூடியே இருக்கிறது. ராஸ்கோ பக்கத்து ஊரான கேரியில் இரும்பாலை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அம்மா இறந்தபோது அண்ணனும் தம்பியும் தேவாலயத்தின் இரு ஓரங்களில் உட்கார்ந்து, இரு வாசல் வழியாக வெளியே போனார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, ஜூலையில், ஏரிக்கரைப் பூங்காவில் பழைய ஹவுஸ் ஆட்கள் எல்லோரும் கூடும் நாளில் மட்டும் இருவரும் ஒரே புல்வெளியில் இருப்பார்கள். வெண்டெலின் குடும்பக் கூடாரம் பெரிய ஓக் மரத்தடியில். ராஸ்கோ தனியாக ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து தொலைவில் ஏரிக்கரைக் கற்களின்மேல் போட்டுக்கொள்வான். ரெனெட்டா கூடாரத்திலிருந்து ஒரு தட்டு நிறைய விலா இறைச்சியும் உருளைக்கிழங்கு சாலடும் எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுப்பாள். "நல்லா இருக்கானா?" என்று அவன் கேட்பான். "இருக்கான்" என்பாள். வருடந்தவறாமல் அவள் அவனுக்குச் செய்வது அவ்வளவுதான்.

இந்த வருடம் மே மாதத்தில் வெண்டெல் கடைக்கு வந்தான். தபால்காரனாக முப்பது வருடம் நடந்து ஓய்வு பெற்றவன், மகள் சிமோனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். கண் அழுத்த நோய் இரண்டு கண்களையும் தின்றிருந்தது. கையில் வெள்ளைக் கோல்.

"ரெனி, இந்த ஆவி வாசனை ஒண்ணு போதும், நீ எங்க நிக்கிறேன்னு சொல்லிடுவேன்."

"உன் ஷூ சத்தம் ஒண்ணு போதும். நூத்திப் பத்துக்கு எறங்கிட்ட. வயசாயிடுச்சு."

சிரித்தான். பிறகு கவுண்டரைத் தடவிப் பிடித்துக்கொண்டான். "ஜூலையில ஒருமணி நேரம் பழைய பெட்டியைப் போடலாம்னு இருக்கேன். இதோட சரி. எண் சீட்டைப் படிக்க எனக்கு ஒரு ஆள் வேணும். நீ நிக்கிறியா பக்கத்துல?"

"நிக்காம?"

"இன்னொண்ணு. சிரிக்காதே. அந்தப் பாட்டுங்க பேரெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. ஒளிச்சு ஒளிச்சு எனக்கே தெரியாமப் பண்ணிட்டேன். இருபத்து மூணு மட்டும் மறக்கல, அது மறக்காது. மத்ததெல்லாம் வெறும் நம்பர். சாகறதுக்குள்ள அதுங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு ஆசையா இருக்கு. நீ எல்லாத்தையும் எரிச்சிட்டேல்ல?"

அவள் கால் மிதியில் இருந்தது, அழுத்தவில்லை. "எரிக்கல. இருக்கு" என்றாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெண்டெலின் பார்வை போன கண்கள் நனைந்தன. "நாப்பத்தொண்ணுமா?"

"நாப்பத்தொண்ணும்."

அன்று மாலை வீட்டில் காலணிப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் அவள் கையெழுத்தில் எண் இருந்தது. அதன் கீழே, காய்ந்த மாவுப் பசையின் வளையம் ஒன்று பழுப்பேறி, தடவினால் சொரசொரப்பாக. உள்ளே ஒன்றுமில்லை. எரித்துவிட்டேன் என்று மறுநாளே மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் அதையே யோசித்தாள். கடைசியில் கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய காகிதம் ஒன்றை, இருபத்து இரண்டாம் லேபிளை அளவு வைத்து, வட்டமாக வெட்டினாள். நடுவில் சின்ன ஓட்டை. ஒட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை. குருடன் விரல் இதைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியின்மேல் இரண்டு ஜோடிக் காலணியை வைத்தாள், அது தானாகத் திறந்துகொள்ளும் என்பதுபோல.

ஜூலை வந்தது. பூங்கா முழுக்க அடுப்புப் புகையும், ஒரே மாதிரி சட்டை அச்சடித்துப் போட்டுக்கொண்ட குடும்பங்களும், பெரிய மேடையிலிருந்து வயிற்றில் வந்து மோதும் டிரம்மும். ரெனெட்டா வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். ராஸ்கோ இரும்பாலைத் தொப்பியை முட்டியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாலட்டுல கடுகு ஜாஸ்தி" என்றான் ஒரு வாய் தின்றுவிட்டு. "சிமோன் பண்ணினதா?"

"நான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் தின்றான். பிறகு முட்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"அவனுக்குக் கண்ணு சுத்தமாப் போயிடுச்சாமே?"

"ஆமா."

"அதான். காலையில நடந்து போகும்போது கூடாரம் பக்கமாத்தான் வந்தேன். வேணும்னுதான் வந்தேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அவன் என்னைப் பாப்பான், பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிப்பான். இந்த வருஷம் நேரா என்னைப் பாத்துட்டே உக்காந்திருந்தான். திருப்பிக்கல." ஏரியைப் பார்த்தான். "மூஞ்சியத் திருப்புறதாவது மிச்சம் இருந்துச்சு எனக்கு. அதுக்காகத்தான் வந்துட்டிருந்தேன் போல. இப்ப அதுவும் இல்ல."

ரெனெட்டா தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாள்.

நாலு மணிக்கு வெண்டெல் கூடாரத்தில் டர்ன்டேபிளுக்குப் பின்னால் நின்றான். இடது கை எப்போதும் ரெனெட்டாவின் மடித்த முழங்கையில். வேண்டியபோது அதை எடுத்துத் தட்டின்மேல் வைப்பான். வேலை முடிந்ததும் கை தானாக முழங்கைக்குத் திரும்பி வரும். "ஒன்பது" என்பான். பெட்டியில் தேடி நீட்டுவாள். ஊசி எங்கே விழ வேண்டும் என்று அவன் விரலுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறுபது வயதுக்காரர்கள் புல்லில் பவுடரைக் கொட்டி ஆடினார்கள். ஒருத்தி ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்த டிரம்கள் அதே மண்ணில் இறங்கின. ரெனெட்டாவின் கால் அதற்கு ஆடாமல் இருக்க முடியவில்லை. ஆடுவதற்காக அவள் தன்மேலேயே கோபப்பட்டாள்.

கடைசியில் பதினேழாம் எண்ணைச் சுழலவிட்டு, ஒலியைத் தணித்து, வெண்டெல் மைக்கைக் கேட்டு வாங்கினான்.

"பிள்ளைங்களா, இதுங்களுக்கெல்லாம் பேரு உண்டு. உங்ககிட்டேருந்து நாப்பது வருஷம் ஒளிச்சு வெச்சேன். இன்னைக்கு ரெனி படிக்கப் போறா."

"நேரமாச்சு வெண்டெல், பாதிப் பேரு செத்துட்டாங்க!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். வெண்டெல் மைக்கை அவள் பக்கம் நீட்டிவிட்டு, வலது கையின் சுட்டுவிரலை முதல் லேபிளின் விளிம்பில் வைத்துச் சுற்றித் தடவினான். அவள் முதல் பெயரைச் சொன்னாள். இத்தனை வருடம் சொல்லாத நாக்கு முதல் எழுத்திலேயே தடுக்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது. அடுத்த பக்கம், அடுத்த வட்டம், அடுத்த பெயர். எட்டாவதற்கு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "அடக் கடவுளே! 'பாட்டில் உடையற பாட்டு'ன்னே சொல்லிட்டுத் திரிஞ்சேனே! என் பொண்டாட்டிக்கு அப்படித்தான் சொல்லி வாங்கித் தரேன்னு ஏமாத்தினேன்!"

"அதுக்குத்தான் உன்னை விட்டுட்டுப் போனா!" என்றது ஒரு பெண் குரல்.

வெண்டெல் ஒவ்வொரு பெயரையும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பதினைந்து. இருபது. அவன் முகம் இளகிக்கொண்டே வந்தது. இருபத்து இரண்டாம் பக்கத்தில் விரல் சுற்றிக்கொண்டிருந்தபோது, ரெனெட்டா அடுத்த பக்கத்தின் அடியில் தன் கட்டைவிரல் நகத்தைச் செலுத்தினாள். அவளுக்குத் தெரிந்த வேலைதான். ஆவியில்லை, கத்தியில்லை, வெயிலில் பசை இளகியிருந்தது. காகித வட்டம் ஓசையில்லாமல் கையோடு வந்தது. அதைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

விரல் வந்து இறங்கியது. தேடியது. "எங்க ரெனி? ஒண்ணும் தட்டுப்படலையே. விழுந்துடுச்சா?"

அவள் மைக்கைத் தாழ்த்தினாள். "விழல."

விரல் சொரசொரப்பான வளையத்தைக் கண்டுபிடித்தது. அதன்மேல் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. "எத்தனாவது இது?"

"இருபத்து மூணு. நான்தான் குடுத்தேன் வெண்டெல். டேரில் கையில. பஸ் ஸ்டாப்ல வெச்சு. ராஸ்கோ சொல்லல. அவன் ஒருத்தர்கிட்டயும் எதுவும் சொல்லல."

"ஏய் ரெனி, அடுத்த பேரு என்ன, தூங்கிட்டியா?" என்றது கூட்டத்தில் யாரோ.

விரல் இன்னொரு சுற்றுச் சுற்றியது. இன்னொன்று. அவன் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. பிறகு புத்தகத்தைத் தானே மூடினான். ஓரங்களைச் சரிபார்த்து, நேராக வைத்தான்.

"நீ அங்கயே நின்னுட்டிருந்த" என்றான். "ரெண்டு கையிலயும் கப்பை வெச்சிட்டு."

"ஆமா."

"ராஸ்கோ வந்திருக்கானா?"

"வருஷா வருஷம் வர்றான். ஏரிக் கல்லுமேல உக்காந்திருக்கான்."

"எந்தப் பக்கம்?"

"உனக்கு வலது பக்கம். நேரா போனா முந்நூறு அடி இருக்கும். புல்லு மேடு பள்ளமா இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்."

நாலு மணியிலிருந்து செய்ததுபோலவே முழங்கையை மடித்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் கை பழக்கத்தில் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. ஒரு நொடி இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டான். மேசை விளிம்பைத் தடவிக் கோலைக் கண்டெடுத்தான்.

"சிமோன்!"

மகள் வந்தாள். அவள் தோளில் கை வைத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வலது பக்கம் நடந்தான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள், தூரத்தில் கற்களின்மேல் ஒரு தொப்பி எழுந்து நின்றது. பதினேழாம் எண் முடிந்து, ஊசி கடைசிப் பள்ளத்தில் சரக் சரக்கென்று உரசிக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டுக்காக எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ரெனெட்டா, ஒரு கைக்குள் கசங்கிய காகிதத்தோடு, மற்றொரு கையின் முழங்கையை மடித்து நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள்.